பிறவி வீக்கமும் நம் கடமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா என்றால் இன்னிசையும் நாடகமும் சிறுவர்களின் பேச்சுப் போட்டியும் நிறைந்த மகிழ்ச்சி நாள். இத்தகைய நாளில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நம்மில் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயற்கையே. ஆயினும் மாரேட்பள்ளியிலும் பத்மாராவ் நகரிலும் லாலாகுடாவிலும் பரந்து வாழும் நம் குடும்பங்கள் ஒருசேரக் கூடும் நாள்கள் சிலவே. சொந்த ஊரில் இருந்தால் பிள்ளைப்பேற்றின்போது பாட்டியும் அத்தையும் பெரியம்மாவும் உடன் இருப்பார்கள். நல்லது கெட்டது எடுத்துச் சொல்வார்கள். பிழைக்க வந்த ஊரில் அந்தத் துணை குறைவு. ஆதலின், வீட்டுக்குள்ளேயே மூடி வைத்து வருந்தும் ஒரு துன்பத்தை வெளிப்படையாகப் பேசுவதற்குச் சங்கத்தைவிடத் தகுந்த இடம் நமக்கு வேறில்லை.

குழந்தை பிறந்த அன்றே அதன் காலிலோ கையிலோ கழுத்திலோ காணப்படும் வீக்கம் ஒன்று உண்டு. காய்ச்சல் இல்லை, அடிபடவில்லை, வலியும் இல்லை. ஆனால் வீக்கம் மட்டும் வற்றுவதில்லை. உடலின் நிணநீர் மண்டலம் கருவிலேயே குறைபட அமைந்தமையால் வருவது அது. அதைப் பற்றி நாம் அறிய வேண்டியவை சிலவே. அறியாமையால் நம் வீடுகளில் நேரும் தீங்குகளோ பல.

நிணநீர் என்பது யாது? இதயம் இறைக்கும் குருதி, மயிரினும் நுண்ணிய குழாய்களில் பாய்ந்து உடலின் உயிரணுக்களுக்கெல்லாம் உணவூட்டுகிறது. அப்போது குருதியிலுள்ள நீரின் ஒரு பகுதி குழாய்ச் சுவர்களின் வழியே கசிந்து தோலுக்கடியிலும் தசைகளுக்கிடையிலும் தங்குகிறது. அது மீண்டும் குருதியில் சேர வேண்டும். அதைச் சேகரித்துக் கொண்டு செல்லும் தனிக் குழாய்களின் தொகுதியே நிணநீர் மண்டலம்.

தஞ்சைத் தரணியிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வயலுக்கு நீர் கொண்டு வருவது பாசன வாய்க்கால். மிகுந்த நீரை வெளியே கொண்டு செல்வது வடிகால். வாய்க்கால் செவ்வையாக இருந்தும் வடிகால் தூர்ந்து போனால் பயிர் அழுகும். நம் உடலில் நாளொன்றுக்கு 2 முதல் 4 லிட்டர் நிணநீர் இவ்வடிகாலின் வழியே மேலேறிக் கழுத்தருகே குருதியுடன் கலக்கிறது. இதற்கு இதயம் போன்ற இறைப்பான் இல்லை. குழாய்ச் சுவர்கள் சுருங்குவதும், நாம் நடக்கும்போது தசைகள் அழுத்துவதும், நீர் பின்னோக்கி வாராமல் நுண்ணிய மதகுகள் தடுப்பதுமே அதனை மேலேற்றுகின்றன. இடையிடையே நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கால் விரலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அது இக்கணுக்களின் வீக்கமே. நோய்க்கிருமிகளை வழிமறிக்கும் காவற்சாவடிகள் அவை.

இக்குழாய்கள் கருவில் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை 1902ஆம் ஆண்டில் விளக்கியவர் ஃபுளோரன்ஸ் சேபின் என்னும் அமெரிக்கப் பெண்மணி. பன்றிக் கருக்களை ஆராய்ந்த அவர், நிணநீர்க் குழாய்கள் சிரைகளிலிருந்தே முளைத்துக் கிளைவிட்டுப் பரவுகின்றன என்று காட்டினார். மனிதக் கருவில் இவ்வேலை ஆறாம் ஏழாம் வாரங்களில் தொடங்குகிறது. அம்முளைகள் சரிவரக் கிளைக்காவிடில் குழாய்கள் குறைவாகவோ குறுகியோ அமைகின்றன. கையிலும் காலிலும் நீர் தேங்குகிறது. ஒரு பகுதி மற்றவற்றோடு இணையாமல் தனித்து நின்றுவிடின் அங்கே நீர்ப்பைகள் உண்டாகின்றன. ஆறாம் வாரம் என்பது, தான் கருவுற்றிருப்பதைத் தாய் அப்போதுதான் உறுதியாக அறியும் காலம். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

இனி, நாம் வாழும் இந்நகரின் பெருமை ஒன்றைக் கூற வேண்டும். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், செகந்திராபாத்தில் பணியாற்றிய இராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதற்காக 1902ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பேகம்பேட்டையில் அவர் நினைவைப் போற்றும் கட்டடத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். கொசுவைத் தேடுமாறு ராஸுக்கு வழிகாட்டியவர் பாட்ரிக் மான்சன். அவரோ 1877ஆம் ஆண்டில் சீனத்தின் அமோய் நகரில், யானைக்கால் நோயை விளைக்கும் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தவர். யானைக்கால் ஆராய்ச்சியில் பிறந்த எண்ணமே இந்நகரில் மலேரியாவின் மறையை அவிழ்த்தது எனலாம்.

யானைக்கால் நமக்குப் புதியதன்று. கும்பகோணத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் அறிந்தவர்கள் அந்நோயையும் அறிவார்கள். இங்குள்ள தெலுங்கு அன்பர்கள் அதைப் போதகாலு என்பார்கள். உருதுவில் ஃபீல்பா என்பார்கள். அதற்கும் யானையின் கால் என்பதே பொருள். நூல் போன்ற புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியேறி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து அவற்றைச் சிதைப்பதனால் வருவது அது. அதனை ஒழிப்பதற்காக 2004ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில், நோய் பரவியுள்ள மாவட்டங்களில் ஆண்டுதோறும் மாத்திரை வழங்கும் திட்டம் நடந்து வந்திருக்கிறது.

இந்தப் பழக்கமே ஒரு மயக்கத்திற்கும் காரணமாகிவிட்டது. கால் வீங்கினால் யானைக்கால், யானைக்கால் என்றால் கொசு என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். சற்றே எண்ணிப் பாருங்கள். புழு உடலில் புகுந்து, வளர்ந்து, குழாயைச் சிதைத்து, கால் பருக்கப் பல ஆண்டுகள் செல்லும். பிறந்த குழந்தையை எந்தக் கொசு கடித்தது? எப்போது கடித்தது? பிறக்கும்போதே வீங்கிய பாதம் புழுவின் வேலையாக இருக்க இயலாது. இரண்டிலும் பழுதுபட்டது வடிகாலே. ஒன்றில் நல்ல வடிகாலைப் புழு கெடுத்தது; மற்றொன்றில் வடிகாலே முழுமையாக வெட்டப்படவில்லை. ஆகவே புழுவைக் கொல்லும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் கொடுத்தாலும் பிறவி வீக்கம் வற்றாது.

இவ்வேறுபாட்டை உலகுக்கு உணர்த்திய வரலாறும் நம் நாட்டோடு சிறிது தொடர்புடையது. அமெரிக்காவின் ஒமாகா நகரில் வாழ்ந்த மருத்துவர் வில்லியம் மில்ராய், இந்தியாவில் சமயப்பணி ஆற்றித் திரும்பிய ஒருவரின் வீங்கிய கால்களைக் கண்டார். யானைக்கால் நாட்டிலிருந்து வந்தவர். எனவே யானைக்கால்தான் என்று எளிதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வீக்கம் பிறவியிலேயே இருந்தது. அவர் தாய்க்கும் இருந்தது. மில்ராய் அக்குடும்பத்தை ஆராய்ந்து, ஆறு தலைமுறைகளைச் சேர்ந்த 97 பேரில் 22 பேருக்கு அவ்வீக்கம் இருந்ததென 1892ஆம் ஆண்டில் எழுதினார். அதனால் அது மில்ராய் நோய் எனப் பெயர் பெற்றது. நிணநீர்க் குழாய்களை வளரச் செய்யும் கட்டளையை ஏற்கும் மரபணு ஒன்றில் உள்ள பிழையே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்பது 2000ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று.

பிறவிக் குறைகள் எல்லாம் பிறந்த அன்றே வெளிப்படும் என்பதில்லை. சிலருக்கு வடிகால் குறைவாக அமைந்திருந்தும் சிறு வயதில் சமாளித்துக்கொள்ளும். பூப்பெய்தும் பருவத்தில் ஒரு கணுக்கால் வீங்கத் தொடங்கும். இது ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதி. வேறு சிலருக்கு 35 வயதைக் கடந்த பின்னரே தோன்றும். லண்டன் அறுவை மருத்துவர் கின்மாந்து, 1952ஆம் ஆண்டில் நிணநீர்க் குழாய்களுக்குள் மருந்தைச் செலுத்தி அவற்றை எக்ஸ்ரே படத்தில் காணும் முறையை வெளியிட்ட பிறகு இக்குறைகள் கண்ணுக்குத் தெரியலாயின. இன்று அதனினும் எளிய முறைகள் வந்துவிட்டன.

மற்றிரண்டு நிலைகளைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். பெண் குழந்தையின் புறங்கைகளும் புறங்கால்களும் பிறக்கும்போதே உப்பியிருந்தால் அது டர்னர் நோய்த்தொகுதியின் அறிகுறியாக இருக்கலாம். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது நேர்கிறது. இவ்வீக்கம் சில ஆண்டுகளில் தானே குறைந்துவிடுவதும் உண்டு. ஆயின் குறைந்துவிட்டது என்று மகிழ்ந்து விட்டுவிடலாகாது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்தல் வேண்டும். வளர்ச்சிக்கும் பூப்புக்கும் உரிய மருந்துகளை உரிய வயதில் தருதல் வேண்டும். காலம் கடந்து பதினாறு வயதில் வருந்துவதைவிடத் தொட்டிலில் இருக்கும்போதே அறிவது மேலன்றோ?

மற்றொன்று, கழுத்தில் மெத்தென்று காணும் நீர்ப்பைக் கட்டி. விளக்கொளியை அருகே பிடித்தால் கட்டியினூடே ஒளி ஊடுருவும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் இது தெரிந்துவிடும். இது புற்றுநோயன்று. எனினும் மூச்சுக்குழாயை அழுத்துமாயின் உயிருக்கே இடராகும். சூடு வைப்பதும், கீறி விடுவதும், பச்சிலையை அரைத்துக் கட்டுவதும் பெருந்தீங்கு. அறுவை மருத்துவத்தோடு, கட்டிக்குள் மருந்தைச் செலுத்திச் சுருக்கும் முறையும் உண்டு. ஜப்பானிய மருத்துவர் ஓகிட்டா 1987ஆம் ஆண்டில் அத்தகைய மருந்து ஒன்றின் பயனை வெளியிட்டார். கடினமான கட்டிகளுக்குச் சிரோலிமஸ் என்னும் மருந்தும் இப்போது பயன்படுகிறது.

இனி, நம் வீடுகளில் எழும் முதற்கேள்விக்கு வருவோம். இது யாரால் வந்தது? கிரகணத்தில் வெளியே வந்தாளா? மாசமாக இருந்தபோது எதைத் தின்றாள்? யார் வீட்டுப் பாவம்? இக்கேள்விகள் அனைத்தும் தாயை நோக்கியே எழுகின்றன. கருவின் ஆறாம் வாரத்தைப் பற்றி முன்னரே கூறினோம். மரபணுவில் உள்ள பிழை அதற்கும் முன்னரே, கரு உருவாகும்போதே, பெரும்பாலும் அமைந்துவிடுகிறது. தாய் உண்டதும் உறங்கியதும் வெளியே வந்ததும் அதற்குக் காரணம் அல்ல. சில வேளைகளில் தாயிடமும் தந்தையிடமும் இல்லாத பிழை குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. ஆதலின் பழிக்குரியவர் எவரும் இலர்.

சொந்தத்தில் பெண் கொடுத்ததால் வந்ததா என்று கேட்பாரும் உளர். இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. மில்ராய் நோயில், பெற்றோருள் ஒருவரிடம் அப்பிழை இருந்தாலே ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்வதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதில் உறவு மணம் ஒன்றும் செய்வதில்லை. அயலில் மணம் முடித்தாலும் அது நீங்குவதில்லை. ஆனால் 1989ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஹென்னகம் விவரித்த நோய் வேறு வகையானது. அதில் கைகால்களோடு குடலின் நிணநீர்க் குழாய்களும் பழுதுபடுகின்றன. தாய் தந்தை இருவரும் மறைவாக அப்பிழையைச் சுமந்திருந்தால்தான் அது வெளிப்படும். அப்போது ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனும் அக்காள் மகளும் தம் மரபணுக்களில் சராசரியாக நான்கில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கை உடையவர்கள். எனவே உறவு மணத்தில் இத்தகைய மறைந்த பிழைகள் ஒன்றுகூடும் வாய்ப்பு மிகுதி. குழந்தைக்கு எந்த வகை நோய் என்று தெரிந்தால்தான் அடுத்த குழந்தையைப் பற்றி எதுவும் கூற முடியும். இதனாலேயே மருத்துவரின் சோதனை இன்றியமையாததாகிறது.

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். இது எந்த ஒரு குடும்பத்தின் கதையும் அன்று. பல குடும்பங்களில் நடப்பதன் தொகுப்பே. பெண் குழந்தைக்கு இடக்கால் பிறந்ததிலிருந்தே சற்றுப் பருத்திருக்கிறது. முதலில் எண்ணெய் தேய்க்கிறார்கள். பின்னர் புழு மாத்திரை. அதன்பின் நீர் பிரியும் மாத்திரை. அதுவும் இவ்வீக்கத்திற்குப் பயன் தருவதில்லை. பாவாடையைத் தரை படும்படி நீளமாகத் தைக்கிறார்கள். பள்ளியில் ஓட்டப்பந்தயத்திற்கு அனுப்புவதில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவளை உள்ளறையில் இருக்கச் சொல்கிறார்கள். பதினான்கு வயதில் ஒரு நாள் மாலை அவளுக்குக் குளிர்காய்ச்சல் வருகிறது. மலேரியாவோ என்று போர்வையைப் போர்த்திப் படுக்க வைக்கிறார்கள். போர்வைக்குள் கால் சிவந்து சூடேறுவதை எவரும் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாத காலாக அதை ஆக்கிவிட்டார்கள் அல்லவா?

நண்பர்களே! உயிரைப் பறிக்கக் கூடியது அந்த வீக்கமன்று, அதில் நுழையும் கிருமியே. நீர் தேங்கிய காலில் ஒரு சிறு சேற்றுப்புண், ஒரு முள், ஒரு நகக்கீறல் போதும். கிருமி விரைந்து பரவும், குருதியிலும் கலக்கும். ஒவ்வொரு முறை அது தாக்கும்போதும் எஞ்சியுள்ள நிணநீர்க் குழாய்கள் சிலவும் அழிந்து வீக்கம் மேலும் வளரும். உரிய நேரத்தில் கிருமிக்கொல்லி மருந்து தந்தால் அது அடங்கும். மறைத்தலே இங்கு நோயினும் கொடியது.

இதற்கு முழுமையாகத் தீர்க்கும் மருந்து இல்லை என்பது மெய். ஆனால் கட்டுக்குள் வைக்கும் வழி உண்டு; அது வீட்டிலேயே செய்யக் கூடியது. நாள்தோறும் காலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றி ஒற்றி எடுத்தல் வேண்டும். தோல் வெடிக்காமல் எண்ணெயோ களிம்போ பூசுதல் வேண்டும். வெறுங்காலோடு நடத்தல் கூடாது. நிணநீர் மேலேறுமாறு மெல்லிய கையால் நீவுவதற்கு ஒரு முறை உண்டு. அழுத்திப் பிசைவது தீங்கு. பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொண்டு கட்டுத் துணி சுற்றுதலும், அளவெடுத்த இறுக்கக் காலுறை அணிதலும் வேண்டும். குழந்தை வளர வளரக் காலுறையையும் மாற்ற வேண்டும். ஓடுவதும் நீந்துவதும் சைக்கிள் விடுவதும் நல்லவையே. தசை அசைந்தால்தான் நிணநீர் ஏறும் என்பதைக் கண்டோம். ஓட்டப்பந்தயத்திலிருந்து விலக்கியது அக்குழந்தைக்குச் செய்த இரட்டைத் தீங்கு.

சிலருக்கு அறுவை மருத்துவமும் பயன்படும். நிணநீர்க் குழாயைச் சிரையோடு இணைத்து நீருக்குப் புதுவழி காணும் முறையை யானைக்கால் நோயாளிகளிடம் கையாண்டு, அதன் பயனை 1981ஆம் ஆண்டில் உலக ஆய்விதழில் வெளியிட்டவர் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் ஜமால் அவர்கள். நம் காவிரிக் கரையில் நடந்த பணி அது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

நம் நகரிலும் வசதி இல்லாமல் இல்லை. ரெட் ஹில்ஸ் பகுதியில் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய நிலோஃபர் மருத்துவமனை இருக்கிறது. பஞ்சாகுட்டாவில் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. ராஸின் நினைவு நிற்கும் அதே பேகம்பேட்டையில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மரபியல் நிறுவனமும் இருக்கிறது. கொசுவினால் வருவது எது என்று உலகுக்குக் காட்டிய இந்நகரில் வாழும் நாம், கொசுவினால் வாராதது எது என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இறுதியாக, நம் சங்கத்தாரிடம் மூன்று வேண்டுகோள்கள். பிறந்த குழந்தையைப் பார்க்கச் செல்லும் தாய்மார்கள், கை கால் கழுத்தில் வீக்கம் கண்டால் திருஷ்டி கழிக்கச் சொல்வதோடு நில்லாமல், அந்த வாரத்திலேயே குழந்தை மருத்துவரிடம் காட்டுமாறு அன்போடு கூறுங்கள். இதயம், சிறுநீரகம், சிரைகள் ஆகியவற்றின் கோளாறாலும் வீக்கம் வரலாம். பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவரே. இரண்டாவதாக, ஒரு பெண்ணின் கால் பருத்திருப்பதைக் கண்டால் ஜாடை பேசாதீர்கள். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. சம்பந்தம் பேசும்போது பெண்ணைப் பெற்றவர்கள் மறைக்காமல் சொல்லும் துணிவையும், பிள்ளையைப் பெற்றவர்கள் பொறுமையாகக் கேட்கும் பண்பையும் வளர்த்துக்கொள்வோமாக. மூன்றாவதாக, இக்காலுறைகள் விலை மிகுந்தவை. வளரும் குழந்தைக்கு ஆண்டில் பலமுறை மாற்ற வேண்டியவை. நம் சங்கத்தின் கல்வி உதவி நிதியைப் போல, பெயரை வெளியிடாமல் இதற்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கலாகாதா என்று செயற்குழுவினர் சிந்திக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த ஆண்டு விழாவின் விளையாட்டுப் போட்டியில், காலுறை அணிந்த ஒரு சிறுமியும் மற்றக் குழந்தைகளோடு வரிசையில் நின்று ஓடுவாளானால், இவ்வளவு நேரம் பொறுமையோடு செவிசாய்த்த உங்கள் அன்பு பயன் தந்தது என்று நாம் மகிழ்வோம்.